ஒருத்திக்கு நூற்றைம்பது ரூபாய்

நான் முதன்முதலாக ஓடிய சாலை ஓட்டத்துக்குக் கட்டணம் இரண்டு ரூபாய். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடை வாசலில் மேஜை போட்டு, நோட்டில் பேர் எழுதிக்கொண்டார்கள். அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய நம்பரும் நான்கு குண்டூசியும் கொடுத்தார்கள். பல்லாவரம் வரை போய்த் திரும்ப வேண்டும். ஓடி முடித்த எல்லோருக்கும் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். எண்பதுகளின் நடுவில் நடந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன்.

அன்று எனக்கு இரண்டாவது இடம். முதலில் வந்தவள் வெறுங்காலில் ஓடியவள். அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவளுடைய ஊர் கடற்கரைக் குப்பம். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா மீன் வாங்கி வந்து மேடவாக்கத்திலும் எங்கள் கீழ்க்கட்டளையிலும் தெருத்தெருவாக விற்பார். தினமும் குப்பத்துக்குப் போய்வரக் கட்டுப்படியாகாமல் மேடவாக்கத்திலேயே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தாயும் மகளுமாக இருந்தார்கள். பத்தாவது முடித்ததும் அவள் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகத்தில் கையுறை தைக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் வீடு வேறு மாதிரி. அப்பாவுக்கு ஏரிக்கரையை ஒட்டி நிலம் இருந்தது. நான் வளர வளர அது மனைகளாகிக்கொண்டே வந்தது. விற்ற பணத்தில் அண்ணன் சிமெண்டும் கம்பியும் விற்கும் கடை வைத்தான். எங்களிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் ஒரு ரூபாய்கூட ஓடுவதற்கென்று என் கைக்கு வராது. அம்மா எருமைப் பால் விற்ற காசில் எடுத்துக் கொடுப்பதுதான்.

அந்தப் பந்தயத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்தே ஓடினோம். விடியற்காலையில் அவள் மேடவாக்கத்திலிருந்து ஓடி வருவாள், நான் பாதி வழியில் சேர்ந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை. உயிரியல் பூங்கா மதிலை நெருங்கும்போது உள்ளே சிங்கம் கத்துவது கேட்கும். "தோ பார், உன்னைத்தான் கூப்புடுது, வேகமா வாடி" என்பாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் ரோட்டில் ஓடினால் சைக்கிளில் போகிறவர்கள் என்னவெல்லாம் சொல்வார்களோ அதெல்லாம் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்த்து ஏதாவது ஒன்று சொல்லுவாள், அவர்கள் பேசாமல் போய்விடுவார்கள்.

ஏழெட்டு வருஷம் இப்படி ஓடியிருப்போம். ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை.

பரிசாகப் பாத்திரம்தான் கொடுப்பார்கள். அவர்களுடைய ஒற்றை அறையில் ஐந்து டிபன் கேரியர் இருந்தன. இரண்டை அவளுடைய அம்மா விற்றுவிட்டார். கட்டணம் இரண்டு ரூபாய் ஐந்தானது, ஐந்து பத்தானது. அதுவரை எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிறகு ஊர்ச் சங்கங்கள் நடத்திய ஓட்டங்கள் ஒவ்வொன்றாக நின்று, கம்பெனிகள் நடத்த ஆரம்பித்தன. துணியில் பெரிய வளைவு, ஒலிபெருக்கி, தொப்பி, கம்பெனி பேர் போட்ட பனியன். கட்டணம் இருபத்தைந்து என்றார்கள், அடுத்த வருஷம் ஐம்பது. அவளுக்கு அப்போது மாதச் சம்பளம் நானூறு சொச்சம். ஒரு முறை பணம் கட்டுமிடத்தில் அவள் கேட்டாள்: "அண்ணா, எனுக்குத் தொப்பி வாணாம், பனியன் வாணாம். ஓடிட்டுப் போயிடறேன். கொறைச்சுப் போட்டுக்கோங்களேன்." அந்த ஆள் சிரித்தார். "அதெல்லாம் சேர்த்துதாம்மா ரேட்டு." அந்த ஓட்டத்தை அவள் விட்டுவிட்டாள். எனக்கும் போகப் பிடிக்கவில்லை.

எனக்கு இருபத்து நான்கு வயதானபோது வண்டலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையே சொன்னார்: "ரோட்ல ஓடற பழக்கமெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வேணாம்." அப்பா தலையாட்டினார். தை மாதம் கல்யாணம் என்று பேச்சு. "அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை கெடைச்சா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "கெடைச்சா பாக்கலாம்" என்றார். கிடைக்காது என்கிற தைரியத்தில் சொன்னது.

வேலைக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அரசாங்க நிறுவனம் ஒன்றில் பெண்கள் ஓட்ட அணி வைத்திருந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிளார்க் வேலை. அந்த அணியைப் பார்த்துக்கொண்ட மேனேஜருக்கு எங்கள் இருவரையும் பந்தயங்களில் பார்த்துப் பழக்கம். அந்த வருஷம் ஒரு குளிர்பானக் கம்பெனி கடற்கரைச் சாலையில் நடத்துகிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் முதல் ஐந்து இடத்துக்குள் வருகிற பெண்களைத் தேர்வுக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். எங்கள் இருவருக்குமே அதுதான் கடைசி வருஷம்.

செய்தித்தாளில் விண்ணப்பம் வந்திருந்தது. கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். இரண்டு பேப்பர் வாங்கி இரண்டு விண்ணப்பத்தை வெட்டி, அவளுடையதையும் நானே நிரப்பினேன். அவள் கையெழுத்து மட்டும் போட்டாள். அம்மா கொடுத்த எழுபத்தைந்து ரூபாய் என்னிடம் தயாராக இருந்தது. அவளுக்கு ஏழாம் தேதிதான் சம்பளம். "ரெண்டு பேருதும் ஒண்ணாவே கட்டிடலாம்" என்று சொன்னது நான்தான்.

சம்பளம் வந்த மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தாம்பரம் ஸ்டேஷனில் என் கையில் பணத்தைக் கொடுத்தாள். மூன்று இருபது, ஒரு பத்து, ஒரு ஐந்து. "வூட்ல அம்மா பேஜாரு பண்ணிகினு கீது, இதுக்கு இவ்ளோ துட்டான்னு. வேலை கெடைச்சா மொத மாசமே குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். பிறகு மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள்.

மவுண்ட் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பணம் கட்ட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கரை. அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். இரண்டு விண்ணப்பத்தையும் நூற்றைம்பது ரூபாயையும் நீட்டினேன்.

"ரெண்டு பேருக்கா? முந்நூறும்மா."

எனக்குப் புரியவில்லை. அவர் விண்ணப்பத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்த இங்கிலீஷைக் காட்டினார். ஒன்றாம் தேதிக்கு மேல் கட்டினால் இரட்டைக் கட்டணம். நாங்கள் இருவரும் அதைப் படிக்கவே இல்லை.

"சார், நாளைக்கு மீதி கொண்டுவந்து கட்டறேன் சார். தாம்பரத்துக்கு அந்தப் பக்கத்திலேருந்து வர்றேன்."

"இன்னைக்கு லிஸ்ட் போயிடும்மா. எங்கிட்ட ஒண்ணும் இல்ல." எரிச்சல் இல்லாமல்தான் சொன்னார். எனக்குப் பின்னால் நான்கு பேர் நின்றார்கள். எல்லாம் கல்லூரிப் பையன்கள், காலில் நல்ல ஷூ. "ஒருத்தருக்குப் போடட்டுமா? யார் பேரு?"

அந்த நேரத்தை நான் பல வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதிக நேரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு பேரில் வேகமானவள் யார் என்று எனக்குத் தெரியும். அவள் பேரைப் போட்டால் அவள் முதல் இரண்டுக்குள் வருவாள், வேலை நிச்சயம். என் பேரைப் போட்டால் ஐந்துக்குள் வருவதே சந்தேகம். எல்லாம் தெரியும். ஆனால் தை மாதம் வந்துகொண்டிருந்தது. அப்பா தலையாட்டியது கண்ணில் நின்றது. அவளுடைய சம்பளத்துக்காகக் காத்திருந்ததால்தானே இரட்டைக் கட்டணம், அவளால்தானே தாமதம் என்று மனசு அதற்குள் ஒரு நியாயத்தைத் தயார் செய்துவிட்டது. என் விண்ணப்பத்தை முன்னே தள்ளினேன்.

நம்பரும் ரசீதும் கொடுத்தார்கள். நல்ல கெட்டித் துணியில் அச்சடித்த நம்பர். அவளுடைய விண்ணப்பத்தை மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். மின்சார ரயிலில் கதவோரம் நின்றுகொண்டு, கிண்டி தாண்டியதும் அதைக் கிழித்துவிட்டேன். துண்டுகள் பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் பறந்து வந்தன. ஒரு பெண் காலை நகர்த்திக்கொண்டாள்.

அடுத்த இரண்டு நாள் காலில் வலி என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகவில்லை. யாரிடமாவது எழுபத்தைந்து ரூபாய் வாங்கி அவளிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அண்ணன் கடை வரை போனேன். அவன் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கேட்காமல் திரும்பி வந்தேன்.

ஞாயிறு காலை முதல் ரயிலுக்கு அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். தலையில் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னல் போட்டிருந்தாள். எனக்கும் சேர்த்து ஒரு பொட்டலத்தில் அவித்த வேர்க்கடலை.

"என் நம்பர் எங்கடி?"

"அங்க போய் வாங்கிக்கணுமாம்" என்றேன்.

"உன்னுது மட்டும் குட்த்துட்டாங்களா?"

"ஆமா."

அதற்கு மேல் கேட்கவில்லை. கடலையை உரித்து உரித்து எனக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கடற்கரைச் சாலைக்கு வந்து சேர்ந்தும் சொல்லவில்லை.

அங்கே மேஜையில் ஓர் இளைஞர் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார்.

"உங்க பேர் இல்லைங்களே."

"கட்டினேன் சார். இவதான் வந்து கட்டினா." அவள் என்னைப் பார்த்தாள்.

அந்தக் கடைசி இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன், ஆனால் வந்தது வேறு. "ரெண்டு பேருக்கும் கட்டினேன் சார். அவங்கதான் எங்கயோ விட்டுட்டாங்க."

"ரசீது இருக்கா?"

நான் பையைத் தடவினேன். அவள் பொறுமையில்லாமல் பையை வாங்கி ரசீதை எடுத்து, படித்துப் பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து மேஜையில் வைத்தாள். "பாருங்க சார், நூத்தம்பது போட்டு கீது. தலைக்கு எழுபத்தஞ்சு. ரெண்டு பேருக்கு நூத்தம்பது. நீங்கதான் என் பேரைத் தொலைச்சுட்டீங்க. எங்க சம்பளம் சார் இது. எங்கம்மா என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசிச்சு."

அவர் ரசீதைத் திருப்பிப் பார்த்தார். "இது ஒருத்தருக்குத்தாங்க. லேட் எண்ட்ரி. ஒருத்தருக்கு நூத்தம்பது. பாருங்க, ஒரு நம்பர்தான் போட்டிருக்கு."

அவள் ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டாள். திரும்ப ஒரு முறை படித்தாள். பிறகு என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பரைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அடிப்பாள் என்றுகூட. ரசீதை என் பையில் திரும்ப வைத்து, பையை என் கையில் கொடுத்தாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே பிளாட்பாரத்தில் போய் நின்றாள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் அவளும் ஓடினாள். முதல் அரைக் கிலோமீட்டர் பிளாட்பாரத்திலேயே ஓடி, பிறகு சாலைக்குள் வந்துவிட்டாள். நம்பர் இல்லாதவள் ஓடுகிறாள் என்று மைக்கில் யாரோ சொன்னார்கள். அடையாற்றுப் பாலத்தைத் தொட்டுத் திரும்புகிற ஓட்டம் அது. நான் போகும்போதே எதிரில் திரும்பி வந்தாள். அவளுக்குப் பத்தடி பின்னால் வெளியூர்ப் பெண் ஒருத்தி. மற்றவர்கள் எல்லாம் எங்கோ. அவள் என்னைத் தாண்டிப் போனபோது கண் என் பக்கம் வரவில்லை. அவ்வளவு அழகாக அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. தோள் அசையவில்லை, கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

முடிவுக் கோட்டுக்குக் கொஞ்ச தூரம் முன்னால் மஞ்சள் பனியன் போட்ட இரண்டு ஆட்கள் கையை விரித்து அவளை மறித்து ஓரத்துக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். நான் கிட்டே வந்தபோது அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் இன்னும் அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். நான் அவளைக் கடந்து ஓடினேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தள்ளாடிக்கொண்டிருந்தாள். அவளையும் தாண்டினேன். ஐந்தாவது இடம்.

சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்து தேடினேன். அவள் போய்விட்டிருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வீட்டில் அம்மா அழுதுவிட்டார். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஸ்டேடியத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடச் சொன்னார்கள். ஐந்து பேரில் நான் ஐந்தாவது, நான்காவதாக வந்தவளுக்கும் எனக்கும் அரைச் சுற்று இடைவெளி. மேனேஜர் தாளில் எதையோ எழுதிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு நம்பர் இல்லாம ஓடினாளே, உங்க பக்கத்துப் பொண்ணு, எப்பவும் உங்கூடதானே வருவா? ஏன் பணம் கட்டல?"

"தெரியல சார்."

"நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வர முடியுமா? எனக்கு ஒரு ஆள்தான் எடுக்கணும். இவங்க யாரும் அவ கிட்டகூட வரமாட்டாங்க."

ஸ்டேடியத்திலிருந்து நேராக மேடவாக்கம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன். மவுண்ட் ரோட்டில் நடந்தது முழுக்க, கிழித்துப் போட்ட விண்ணப்பம், மேனேஜர் அவளைக் கூப்பிட்டது வரை. வழியில் காதில் கிடந்த சின்னத் தோட்டை அடகு வைத்திருந்தேன். எழுபத்தைந்து ரூபாயை முறத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"நாளிக்கு எத்தினி மணிக்கு?" என்றாள்.

மறுநாள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். மேனேஜர் தானே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டரைச் சுற்று தனியாக ஓடினாள். முடித்தபோது அவர் கடிகாரத்தை இன்னொருவரிடம் காட்டினார், அவர் நம்பாமல் வாங்கிப் பார்த்தார். இது நடந்துவிட்டால் போதும், என் கல்யாணம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சர்டிபிகேட் எல்லாம் கொண்டாந்திருக்கியாம்மா?"

பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருந்ததை நீட்டினாள். பதினொன்று இருந்தன. எல்லாம் ஊர்ச் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள் கொடுத்தவை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் தாள் வரை பார்த்துவிட்டுத் திரும்பவும் முதல் தாளுக்கு வந்தார்.

"இந்த வருஷத்துது ஒண்ணு வேணுமேம்மா. அங்கீகாரம் உள்ள ஓட்டத்துல. இல்லாட்டி என்னால ஃபைல் வைக்க முடியாது. அந்தக் கடற்கரை ஓட்டத்துல நீ கடைசியா வந்த சர்டிபிகேட் இருந்தாக்கூட நான் ஏதாவது பண்ணியிருப்பேன்."

"அடுத்து எப்ப சார் வருது?"

"அடுத்த வருஷம்தான்."

அவளுக்கு அடுத்த வருஷம் இருபத்தைந்து தாண்டிவிடும். அது அவருக்கும் தெரிந்தது. தாள்களை அடுக்கி அவளிடமே கொடுத்தார். வேலை மூன்றாவதாக ஓடிய கல்லூரிப் பெண்ணுக்குப் போனது என்று பின்னால் கேள்விப்பட்டேன். முதல் இரண்டு பேருக்கு வயதோ ஊரோ ஏதோ சரிப்படவில்லையாம்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் இருவரும் நின்றோம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. நான் கேட்காமலே பேசினாள்.

"நீ வந்து எங்கிட்ட கேட்டிருந்தியானா நான் வுட்டுக் குட்த்திருக்க மாட்டேன். எனுக்கும் வோணும் அந்த வேலை. சண்டை போட்டிருப்பேன். ஆனா நீ கேட்டிருக்கணும்டி."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுக்க மேடவாக்கம் போகும் தைரியம் இல்லை. அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவர்கள் வரவில்லை. நான் வண்டலூருக்குப் போனேன். காலையில் எழுந்ததும் கால் பரபரக்கும். எழுந்து அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். ஒரு வருஷத்தில் அதுவும் அடங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் கணவர் வேலையிலிருந்து வரும்போது ஒரு கவரோடு வந்தார். அவருடைய கம்பெனி நகரத்தில் ஒரு பெரிய ஓட்டம் நடத்துகிறதாம். வெளியாட்களுக்கு நானூறு ரூபாய். வேலை செய்கிறவர்களுக்கும் குடும்பத்துக்கும் இலவசம்.

"உனக்குதான் ஓடத் தெரியுமே, வாயேன்" என்றார். ஓடக்கூடாது என்று தான் சொன்னதே அவருக்கு நினைவில் இல்லை. கவரில் இரண்டு நம்பர் இருந்தன. ஒன்றில் பேர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பது வயது தாண்டிய ஒருத்தியிடம் போய் அதை எப்படி நீட்டுவது, என்ன சொல்லி நீட்டுவது என்று யோசிக்கவில்லை. மேடவாக்கத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகள் இல்லை. இடித்துவிட்டு, அடுக்குமாடிக்குத் தூண்கள் எழுப்பியிருந்தார்கள். எதிர்க் கடையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மீன் விற்கிற அம்மாவையும் மகளையும் பற்றிக் கேட்டேன்.

"அவங்களா? அந்தக் கையுறைக் கம்பெனிய மூடினாங்களே, அப்பவே போய்ட்டாங்க. ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது."

"எங்க போனாங்க?"

"குப்பத்துக்குன்னாங்க. எந்தக் குப்பம்னு யாரு கேட்டா." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? இன்னா விசயம்?"

"சும்மாதான்" என்றேன். கவரைப் பைக்குள் தள்ளிக்கொண்டு தாம்பரம் பஸ்ஸுக்கு நின்றேன்.